இதயத் தசையின் கால்சியம் கணக்கு

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த அம்மாவின் மருந்துப் பையில், எலும்புத் தேய்மானத்துக்காக முன்பு கொடுத்த கால்சியம் மாத்திரையும் கிடக்கும். "ரத்தக்குழாயில் கால்சியம் படிந்திருக்கிறது என்றார் டாக்டர், இதை இனியும் கொடுக்கலாமா?" என்று மகன் கேட்பார். அதே பையில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையும் இருக்கும். அது கால்சியம் தடுப்பான் வகை என்று உள்ளே மடித்து வைத்த தாளில் படித்துவிட்ட மருமகளுக்கு வேறு சந்தேகம்: "ஒரு மாத்திரை கால்சியத்தைக் கொடுக்கிறது, இன்னொன்று தடுக்கிறது. இரண்டையும் சேர்த்து எப்படி?" சிங்கப்பூரின் எந்தப் பலதுறை மருந்தகத்திலும், மருந்து வாங்கும் முகப்பருகே தமிழில் கேட்கக்கூடிய கேள்விகள்தான் இவை. இரண்டும் நியாயமானவை. ஆனால் இரண்டும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: உடம்பில் கால்சியம் ஒரே கணக்காக இருக்கிறது, ஓரிடத்தில் கூடினால் எல்லா இடத்திலும் கூடும் என்பது அந்த அனுமானம்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். மீதியில் ஒரு சிறு பங்கு ரத்தத்தில் சுற்றுகிறது. இதயத்தை ஒவ்வொரு முறையும் சுருங்க வைப்பது அதைவிடவும் மிகச் சிறிய பங்கு. அதுவும் ஒரு நொடிக்குள் வந்து, வேலையை முடித்து, திரும்பிப் போய்விட வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில், எந்த மில்லிநொடியில் இருக்கிறது என்பதே இதயத் தசைக்கு முக்கியம். இதயச் செயலிழப்பு, சில வகைத் திடீர் மரணங்கள், மாரடைப்பின் சேதம், கைநிறைய வாங்கி வரும் மாத்திரைகளில் பாதி, எல்லாவற்றையும் இந்த ஒரு முனையிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இது தெரியவந்ததே ஒரு தற்செயலால். 1880களின் தொடக்கத்தில், லண்டனில் மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புக்கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண உப்பும் தண்ணீரும்தான். இதயம் மணிக்கணக்கில் துடித்தது. உப்பே போதும் என்று 1882-இல் எழுதினார். பிறகு புதிதாகக் கரைசல் தயாரித்தபோது இதயம் சீக்கிரமே தளர்ந்து நின்றது. விசாரித்ததில், முன்பு பயன்படுத்தியது காய்ச்சி வடித்த நீரே இல்லை, நியூ ரிவர் நிறுவனம் வீட்டுக் குழாய்களுக்கு விட்ட தண்ணீர் என்று தெரிந்தது. லண்டன் தண்ணீர் கடினநீர். அதில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய 38 பங்கு கால்சியம் இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் கால்சியம் உப்பைச் சேர்த்ததும் துடிப்பு திரும்பியது. முந்தைய முடிவு தவறு என்று 1883-இல் அவரே வெளியிட்டார்.

அந்த 38-ஐ வேதியியல் கணக்கில் மாற்றினால் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல். நம் ரத்தத்தில் கட்டுப்படாமல் உலவும் கால்சியம் அயனியின் அளவு 1.2 மில்லிமோல் அளவில் இருக்கிறது. லண்டன் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ ரத்தத்தின் அளவிலேயே கால்சியத்தைக் கொண்டிருந்தது ரிங்கரின் அதிர்ஷ்டம். அவருடைய ஆய்வகம் சிங்கப்பூரில் இருந்து, கனிமம் வெகுவாக நீக்கப்பட்ட நியூவாட்டரை உதவியாளர் ஊற்றியிருந்தால், தவளை இதயம் முதல் நாளே தளர்ந்திருக்கக்கூடும். கால்சியத்தின் கதை வேறு யாரோ ஒருவருக்காகக் காத்திருந்திருக்கும். டெங்கியில் படுத்தவருக்கு மருத்துவமனையில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பை, அந்தக் கரைசலின் வழிவந்ததுதான். அதில் இன்றும் கொஞ்சம் கால்சியம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கை கால் தசையை இதேபோல் கால்சியம் இல்லாத கரைசலில் போட்டால், அது அவ்வளவு சீக்கிரம் நின்றுவிடாது. அதற்குத் தேவையான கால்சியம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது, மின்தூண்டல் வந்தால் போதும். இதயத் தசை அப்படியில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து ஒரு சிறு அளவு கால்சியம் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

ஏன் என்று பார்க்க, ஒரே ஒரு துடிப்பை நெருங்கிப் பார்ப்போம். துடிப்புகளுக்கு இடையே இதயச் செல்லின் உட்பகுதியில் உலவும் கால்சியம் லிட்டருக்கு ஏறக்குறைய 100 நானோமோல். வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மெல்லிய சவ்வின் இரு பக்கத்திலும் இத்தனை பெரிய ஏற்றத்தாழ்வு. மின்தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள எல்-வகைக் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. இந்தச் சவ்வு செல்லின் மேற்பரப்போடு நிற்காமல் குழாய் குழாயாகச் செல்லுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு குழாயின் ஓரத்திலும், ஏறக்குறைய 15 நானோமீட்டர் இடைவெளி விட்டு, செல்லுக்குள்ளேயே இருக்கும் கால்சியக் கிடங்கின் சுவர். வெளியிலிருந்து வந்த சிறிதளவு கால்சியம் அந்த இடுக்கில் விழுகிறது. எதிர்ச்சுவரில் இருக்கும் ரையனோடின் ஏற்பி என்ற பெரிய புரதம் அதை உணர்ந்து திறந்துகொள்கிறது. கிடங்கிலிருந்து அதைவிடப் பலமடங்கு கால்சியம் வெளியே கொட்டுகிறது. கால்சியமே கால்சியத்தை விடுவிக்கிறது.

இதைக் கேட்டதும் பொறியாளர் யாரும் முகம் சுளிப்பார். ஒரு பொருள் தானே தன்னை மேலும் விடுவிக்கும் என்றால், ஒருமுறை தொடங்கியது நிற்கவே கூடாது. கிடங்கு முழுதும் காலியாகும்வரை போக வேண்டும். நிஜ இதயம் அப்படிச் செய்வதில்லை. வெளியிலிருந்து வருவது கூடினால் கிடங்கு கூடுதலாகவும், குறைந்தால் குறைவாகவும் விடுகிறது. பிரெஞ்சு வழிவந்த ஆய்வாளர் அலெக்ஸாந்தர் ஃபாபியாட்டோ 1970களிலும் 80களிலும் இந்த விடுவிப்பைச் செல்லில் நுணுக்கமாகக் காட்டியபோதும் இந்தப் புதிர் தீரவில்லை. 1993-இல் ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை கிடைத்தது. அங்கங்கே சிறு வெளிச்சப் பொட்டுகள் தோன்றி மறைந்தன. ஹெபிங் செங், ஜோனதன் லெடரர், மார்க் கேனல் மூவரும் அவற்றுக்குக் கால்சியப் பொறி என்று பெயரிட்டார்கள். ஒரு செல்லில் இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள். ஒவ்வொன்றும் தன் இடுக்கில் வந்த கால்சியத்துக்கு மட்டுமே பதில் சொல்லும், பக்கத்து இடத்தை எழுப்பாது. சுருக்கத்தின் வலு கூட வேண்டுமானால் கூடுதல் இடங்கள் சுடும், அவ்வளவுதான். ஆரோக்கியமான செல்லில் இந்தத் தனிமை காக்கப்படுகிறது. நோயுற்ற செல்லில் அதுதான் முதலில் குலைகிறது என்பது பின்னால் வரும்.

வெளியே கொட்டிய கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு உடனே ஏதாவது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உலவுவது ஒரு பங்குதான். ஒட்டும் புரதங்களில் முக்கியமானது டிரோபோனின். ஜப்பானின் செட்சுரோ எபாஷி 1960களில் கண்டெடுத்தது. மூன்று துண்டுகள் சேர்ந்த புரதம் இது. சி துண்டில் கால்சியம் ஒட்டியதும் மொத்த அமைப்பும் சற்று நகர, ஆக்டின் இழையில் மறைந்திருந்த இடங்கள் வெளிப்படுகின்றன. பக்கத்து இழையான மயோசின் அவற்றைப் பிடித்து இழுக்கிறது. செல் குறுகுகிறது. இப்படிக் கோடிக்கணக்கான செல்கள் ஒன்றாகக் குறுகுவதே நாடியில் நாம் உணரும் துடிப்பு. நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் எடுக்கும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை, இதே புரதத்தின் ஐ அல்லது டி துண்டைத்தான் தேடுகிறது. செல்லுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்தில் தென்பட்டால் செல் சேதமாகியிருக்கிறது என்று பொருள்.

இதுவரை சொன்னது சுருக்கம். பாடப்புத்தகங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். என் கணிப்பில் கதையின் கனமான பாதி இனிமேல்தான்: வந்த கால்சியத்தைத் திருப்பி அனுப்புவது. அது போனால்தான் தசை தளரும், தளர்ந்தால்தான் அறை ரத்தத்தால் நிரம்பும், நிரம்பினால்தான் அடுத்த துடிப்பில் வெளியேற்ற ஏதாவது இருக்கும்.

மரினா அணைக்கட்டில் கடல் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறந்தால் மழைநீர் தானாக வெளியேறிவிடும். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது பம்புகளை ஓட்டியாக வேண்டும். இதயச் செல்லுக்கு வெளியே எப்போதும் ஏற்றம்தான். கிடங்குக்குள்ளும் அப்படியே. ஆகவே கால்சியம் தானாகப் போகாது, ஒவ்வொரு அயனியையும் ஆற்றல் செலவழித்து ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். மனித இதயத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்புவது செர்கா என்ற பம்பு. செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை அது ஏற்றும். மீதியில் பெரும்பகுதியைச் சோடியம்-கால்சியம் மாற்றி செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. ஒரு கால்சியத்தை வெளியே விட்டு மூன்று சோடியத்தை உள்ளே வாங்கிக்கொள்வது அதன் வழக்கம். இந்தப் பண்டமாற்றில் மின்னூட்டம் சமமாக இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரு நேர்மின் கூடுதலாக உள்ளே வருகிறது. இந்தச் சிறு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உயிரைப் பறிக்கும் படபடப்பு இதிலிருந்துதான் பிறக்கிறது.

செர்காவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பாஸ்போலாம்பன் என்ற சிறிய புரதம் அதன்மேல் உட்கார்ந்து வேகத்தைக் குறைத்து வைத்திருக்கும். பேருந்து புறப்படப்போகிறது என்று ஓடுகிறீர்கள். அட்ரினலின் சுரக்கிறது. அது செல்லில் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்கிறது: எல்-வகை வாயில் வழியே கூடுதல் கால்சியம் வரச் செய்கிறது, பாஸ்போலாம்பனை விலக்கி செர்காவை முழு வேகத்தில் ஓட விடுகிறது, டிரோபோனின் கால்சியத்தைச் சீக்கிரம் விடும்படி மாற்றுகிறது. இதயம் வலுவாகச் சுருங்குவது மட்டுமல்ல, வேகமாகவும் தளர்கிறது. நிமிடத்துக்கு 150 துடிப்பில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 400 மில்லிநொடிதான். அதற்குள் சுருங்கவும் வேண்டும், நிரம்பவும் வேண்டும் என்றால் தளர்ச்சி வேகமாகாமல் முடியாது. இதயத் துடிப்பு வேகமாகும்போது ஒவ்வொரு சுருக்கமும் படிப்படியாக வலுக்கிறது என்பதை ஹென்றி பௌடிட்ச், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1871-லேயே தவளை இதயத்தில் பார்த்துவிட்டார். காரணம் நூறாண்டு கழித்துத்தான் தெளிந்தது. துடிப்பு அடிக்கடி வரும்போது கிடங்கு கூடுதலாக நிரம்புகிறது.

செயலிழக்கும் இதயத்தில் இந்தப் படிப்படியான வலுக்கூட்டல் தலைகீழாகிறது. மின்தூக்கி பழுதான நாளில் வீவக வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறும் அப்பா, இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால், பெரும்பாலும் அவருடைய செல்களில் நடப்பது இதுதான். நாடி 70-லிருந்து 110-க்கு ஏறுகிறது. ஆரோக்கியமான இதயம் இந்த வேகத்தில் வலுக்கும். அவருடையது வலுவிழக்கிறது. செர்கா பம்பின் அளவும் வேகமும் குறைந்துவிட்டன, பாஸ்போலாம்பனின் பிடி இறுகியிருக்கிறது. வேகம் கூடியதும் கால்சியத்தைக் கிடங்குக்கு ஏற்ற நேரம் போதவில்லை. கிடங்கு நிரம்பாததால் அடுத்த சுருக்கம் மெலிகிறது. செல்லுக்குள் கால்சியம் தங்கிவிடுவதால் தளர்ச்சியும் அரைகுறையாகிறது. இறுகிய அறைக்குள் ரத்தம் சுலபமாக இறங்காமல் பின்னுக்குத் தேங்கி, நுரையீரலில் அழுத்தம் ஏறி, மூச்சு வாங்குகிறது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதன் முழு உருவமும் தெரியாமல் போகலாம்.

சுருக்கம் ஓரளவு நன்றாக இருந்தும் தளர்ச்சி கெட்டதால் வரும் செயலிழப்பு ஒரு தனி வகை. வயதானவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம். நீரிழிவு உண்டாக்கிய விலங்குகளின் இதயச் செல்களிலும் செர்கா மந்தமாவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது நமக்கு வெறும் ஆய்வகச் செய்தி அல்ல. தேசிய இதய நிலையத்தின் கேரலின் லாம் முன்னின்று நடத்திய ஏசியன்-எச்எஃப் பதிவேடு, ஆசியாவின் 11 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த 5,000-க்கு மேற்பட்ட செயலிழப்பு நோயாளிகளைத் தொடர்ந்தது. அவர்களின் சராசரி வயது 60 அளவில். மேற்கத்திய நோயாளிகளைவிட ஏறக்குறைய பத்தாண்டு இளையவர்கள். தென்கிழக்காசியாவில் நீரிழிவின் பங்கு பெரிது. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவும் இதயக்குழாய் நோயும் சீனர்களைவிடக் கூடுதல் என்பது இங்கே பல ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. தேக்காவில் சாயங்காலம் குடிக்கும் சீனி போட்ட டீக்கும் செர்கா பம்புக்கும் நேர்க்கோடு போட்டுவிட முடியாது. ஆனால் இடையில் நீரிழிவு என்ற புள்ளி இருக்கிறது.

இனிக் கசிவு. நோயுற்ற செல்லில் ரையனோடின் ஏற்பி சரியாக மூடாது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட ஓய்வு நேரத்தில் கிடங்கிலிருந்து கால்சியம் சொட்டுகிறது. ஒரு பொறி பக்கத்து இடத்தை எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, செல் முழுக்க அலையாகப் பரவுகிறது. அந்தக் கால்சியத்தை வெளியே தள்ள சோடியம்-கால்சியம் மாற்றி விரைகிறது. முன்னால் சொன்ன கூடுதல் நேர்மின் அப்போதுதான் உள்ளே நுழைகிறது. அது போதுமான அளவு சேர்ந்தால், யாரும் கேட்காத ஒரு துடிப்பு எழுகிறது. கீழறையின் பல செல்களில் இது தொடர்ச்சியாக நடந்தால் இதயம் ரத்தத்தை அனுப்பாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும்.

இந்தக் கசிவை மட்டுமே மையமாகக் கொண்ட பரம்பரை நோய் ஒன்று இருக்கிறது. கேட்டகோலமினெர்ஜிக் பாலிமார்ஃபிக் வென்ட்ரிகுலர் டேக்கிகார்டியா என்று வாயில் நுழையாத பெயர். மருத்துவர்கள் சிபிவிடி என்பார்கள். பெரும்பாலானோரிடம் ரையனோடின் ஏற்பிக்கான மரபணுவில் பிழை. எக்கோ எடுத்தால் இதயத்தின் உருவத்தில் குறை தெரியாது. சும்மா படுத்திருக்கும்போது எடுத்த இசிஜியும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஓடும்போதோ திடீரென்று பயந்தாலோ, அட்ரினலின் ஏறியதும் மயக்கம் வரும். தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையில் இளைஞர்களுக்கு இசிஜி எடுக்கிறார்கள், அதில் பல கோளாறுகள் பிடிபடுகின்றன. சிபிவிடி மட்டும் படுக்கை இசிஜிக்குத் தப்பிவிடக்கூடியது, டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் வெளிப்படும். ஆகவே "பள்ளி ஓட்டப்பந்தயத்தில் மயங்கி விழுந்தான், காலையில் சாப்பிடாததால் இருக்கும்" என்று பெற்றோர் விட்டுவிட்ட சம்பவம் இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால் இன்னும் முக்கியம். அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா தடுப்பானும், தேவைப்பட்டால் துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஃப்ளெக்கைனைடும் கொடுத்து இதைப் பெருமளவு கட்டுப்படுத்த முடிகிறது.

மாரடைப்பில் நடப்பது வேறு வகைச் சேதம். குழாய் அடைத்ததும் ஆக்சிஜன் நின்று ஏடிபி தீர்கிறது. பம்புகள் நிற்கின்றன. செல்லுக்குள் அமிலமும், அதன் பின்னால் சோடியமும் சேர்கின்றன. சோடியம் மிகுந்ததும் சோடியம்-கால்சியம் மாற்றி திசை திரும்பி, கால்சியத்தை உள்ளே கொண்டுவரத் தொடங்குகிறது. அடைப்பை நீக்கி ரத்தம் திரும்ப ஓடியதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் திடீரென்று ஆற்றல் கிடைத்த செல், தன்னிடம் குவிந்த கால்சியத்தோடு அளவுமீறிச் சுருங்குகிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்கி, சவ்வில் துளை திறந்து, அதுவே அழிகிறது. குழாயைத் திறக்கும் சிகிச்சையே சேதத்தின் ஒரு பங்கைத் தருகிறது என்பது கசப்பான உண்மை. அதற்காக யாரும் திறக்காமல் இருக்க முடியாது, திறக்காவிட்டால் இழப்பு அதைவிடப் பெரிது. நெஞ்சு இறுகினால் 995-ஐ அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அடைப்பு நீடிக்க நீடிக்கக் குவியும் கால்சியமும் கூடுகிறது.

இனி மருந்துப் பைக்கு வருவோம். செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டினால் பலவீனமான இதயம் வலுக்கும் என்பது யாருக்கும் தோன்றும் யோசனை. இருநூறு ஆண்டுகளுக்குமுன், கால்சியம் என்ற தனிமமே பிரித்தெடுக்கப்படாத காலத்தில், இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் உடம்பு வீங்கியவர்களுக்கு டிஜிட்டாலிஸ் செடியின் இலையைக் கொடுத்ததை 1785-இல் எழுதினார். அதன் வழிவந்த டிகாக்சின், சோடியத்தை வெளியேற்றும் பம்பை அடைக்கிறது. உள்ளே சோடியம் ஏறுவதால் மாற்றி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது, கால்சியம் கூடுகிறது. பயன்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நம் ஊர்ப்பக்கம் அரளியைக் கண்டால் பிள்ளைகளைத் தூரமாக இழுப்பார்களே, அந்த நஞ்சும் இதே பம்பைத்தான் தாக்குகிறது. 1997-இல் வெளிவந்த 6,800 பேர் கொண்ட ஆய்வில், டிகாக்சின் மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை.

அதைவிடத் தெளிவாக உணர்த்தியது மில்ரினோன் மாத்திரை. அட்ரினலின் வழியைத் திறந்து கால்சியத்தைக் கூட்டும் மருந்து அது. நோயாளிகள் சில வாரங்கள் தெம்பாக நடந்தார்கள். ஆனால் 1991-இல், கடுமையான செயலிழப்பு உள்ள 1,088 பேரிடம் நடந்த ஆய்வு, இறப்பு 28 விழுக்காடு கூடியதைக் காட்டியது. சவுக்கால் அடித்து வேலை வாங்கிய செல்லில் கசிவும் தாறுமாறான துடிப்பும் பெருகின. 1999-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் நேர்மாறான பாதையைக் காட்டின. அட்ரினலினைத் தடுத்து, இதயத்தின் வேலையைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் மருந்துகள் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. இதயச் செயலிழப்பு உள்ளவருக்குத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையைக் கொடுக்கிறார்களே என்று பயப்படுபவர்களுக்கு இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

கால்சியம் தடுப்பான்களின் கதை ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், 1960களில், அல்பிரெக்ட் ஃப்ளெக்கென்ஸ்டைனிடமிருந்து தொடங்குகிறது. சில மருந்துகள் இதயத் தசையில் கால்சியத்தை அகற்றியதுபோல் நடந்துகொள்வதையும், கால்சியம் சேர்த்தால் அந்த விளைவு மறைவதையும் அவர் கண்டார். இவை எல்-வகை வாயிலைத்தான் அடைக்கின்றன. ஆனால் எங்கே அடைக்கின்றன என்பதில் வேறுபாடு. வெராபமில், டில்டியாசெம் இரண்டும் இதயத்தின் மீதே வேலை செய்து துடிப்பைத் தணிக்கும், வலுவையும் குறைக்கும். ஆகவே சுருக்கும் திறன் குறைந்த செயலிழப்பில் அவற்றைத் தவிர்ப்பார்கள். அம்லோடிபினும் நிஃபெடிபினும் பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கின்றன. குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் கால்சியத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. மருமகளின் சந்தேகத்துக்கு இதுவே பதில், இரண்டு மாத்திரையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதில்லை. அம்லோடிபினால் கணுக்கால் வீங்கினால் இதயமோ சிறுநீரகமோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சிறு தமனிகள் அகன்று, சிரைகள் அதே அளவு அகலாததால் நீர் கசிவதே வழக்கமான காரணம். மருந்தைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இன்னொன்று, சீனப் புத்தாண்டு நேரத்தில் அண்டைவீட்டார் கொடுக்கும் பம்பளிமாஸ், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டுக்குச் சொந்தக்காரப் பழம். இந்த வகை மருந்துகளில் சில, குறிப்பாக ஃபெலோடிபின், கிரேப்ஃப்ரூட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் அளவுமீறி ஏறும். பம்பளிமாஸ் விஷயத்திலும் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

மகன் கேட்ட ரத்தக்குழாய்க் கால்சியம் முற்றிலும் வேறு. அது கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து குழாய்ச் சுவரில் உண்டான புண் காலப்போக்கில் இறுகிய தழும்பு. 1990-இல் ஆர்தர் அகட்ஸ்டன் வகுத்த முறையில் சிடி ஸ்கேன் அதற்கு ஒரு எண் தருகிறது. பூஜ்ஜியம் என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆபத்து குறைவு, 400-ஐத் தாண்டினால் கூடுதல். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டால் இந்த எண் சற்று ஏறக்கூடும், ஆபத்தோ குறையும், ஏனென்றால் மென்மையான புண் இறுகுகிறது. உணவில் வரும் பால், தயிர், கீரை, நெத்திலி ஆகியவற்றின் கால்சியம் இதய நோயைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. மாத்திரை விஷயத்தில் சர்ச்சை உண்டு. 2010-இல் பிஎம்ஜே இதழில் வந்த தொகுப்பாய்வு, கால்சியம் மாத்திரை எடுத்தவர்களிடம் மாரடைப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதல் என்றது. பின்னர் வந்த சில ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உணவிலேயே போதிய அளவு கிடைத்தால் மாத்திரை தேவையா என்று கேட்பது நியாயம், எலும்பு முறிவு ஆபத்து உள்ள அம்மாவுக்கு யாரையும் கேட்காமல் நிறுத்துவது நியாயமல்ல.

ரத்தத்தின் கால்சியம் இதயத்தை நேரடியாகத் தொடும் தருணங்களும் உண்டு, அவை பெரும்பாலும் மருத்துவமனையில் நேர்பவை. டயாலிசிஸ் செய்துகொள்பவர் இரண்டு முறை தவறவிட்டால் பொட்டாசியம் ஏறி இசிஜி உருமாறும். முதலில் சிரையில் ஏற்றுவது கால்சியம் குளுக்கோனேட். பொட்டாசியத்தை அது துளியும் குறைக்காது, இதயத்தில் மின்சாரம் ஒழுங்காகப் பாயச் செய்து, மற்ற மருந்துகள் வேலை செய்யும்வரை சில நிமிடங்களை வாங்கித் தரும்.

இந்த அறிவை வைத்து நோயின் மூலத்தையே திருத்தலாம் என்று முயன்றார்கள். குறைந்துபோன செர்காவின் மரபணுவை வைரஸில் ஏற்றி இதயத்துக்குள் செலுத்தும் கியூபிட் ஆய்வு, முதல் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. 250 பேரிடம் நடந்த அடுத்த கட்டத்தின் முடிவு 2016-இல் லான்செட்டில் வெளியானபோது பயன் எதுவும் இல்லை. மரபணு போதிய செல்களைச் சென்றடையவில்லை என்பது முன்வைக்கப்படும் காரணங்களில் ஒன்று.

இன்னொரு பாதை, கால்சியத்தைத் தொடாமல் அதற்கு இழைகள் கொடுக்கும் பதிலை மாற்றுவது. இதயச் சுவர் தடிக்கும் பரம்பரை நோயில் பல மரபணுப் பிழைகள், சுருக்கப் புரதங்களை இயல்புக்கு மீறிச் சுறுசுறுப்பாக்குகின்றன. இந்தியத் துணைக்கண்டத்தவருக்கு இதில் தனிப்பட்ட ஒரு தொடர்பு இருக்கிறது. ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மயோசினைக் கட்டுப்படுத்தும் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம், துணைக்கண்டத்தவரில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் இருப்பதைக் காட்டியது. சுமப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை, பலர் முதுமைவரை நன்றாக இருக்கிறார்கள், ஆபத்தின் அளவு குறித்து ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்களும் அதே மூதாதையரின் வழிவந்தவர்கள்தானே. இந்த நோயில் ரத்தம் வெளியேறும் பாதை அடைபட்டவர்களுக்காக, மயோசினைத் தணிக்கும் மாவாகாம்டென் மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதை எடுப்பவர்களுக்கு எக்கோ திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. சுருக்கத்தை அளவுக்கு மேல் தணித்துவிட்டால், இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும், அப்போது மருந்தை நிறுத்திவைத்து மீண்டும் அளக்க வேண்டும்.